தீயும் நீரும் தின்றது போக

வெற்றிலை மென்ற குற்றத்திற்குக் கழுவாயாக ஓர் ஊர் பிறந்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அவ்வூர்க்காரரே அப்படி எழுதி வைத்திருக்கிறார். தஞ்சையை ஆண்ட மன்னர் ஒருவர் பாபநாசத்துப் பக்கம் வந்து தங்கினாராம். உணவு முடிந்ததும் வழக்கம்போல் தாம்பூலம் தரித்தாராம். வாய் சிவந்த பிறகே அன்று ஏகாதசி என்பது நினைவுக்கு வந்ததாம்! விரதம் கெட்டதே, பாவம் சூழ்ந்ததே என்று மன்னர் மனம் நடுங்கப் பண்டிதர் கூடினர். அந்தணர்க்கு ஓர் அக்கிரகாரம் அமைத்துத் தானம் செய்தால் தோஷம் தொலையும் என்றனர். நாற்பத்தெட்டு வீடுகள் எழுந்தன; இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறாக இருபத்துநான்கு கிணறுகள் தோண்டப்பட்டன; நிலமும் அளந்து விடப்பட்டது. உத்தமமான தானம் என்பதால் ஊருக்கு உத்தமதானபுரம் என்று பெயர் வந்தது. மன்னர் பாவம் தீர்ந்தது. பண்டிதர் குடி அமர்ந்தது. அந்நிலத்தை அதுவரை உழுதுகொண்டிருந்தவன் என்ன ஆனான் என்று மட்டும் அக்கதை கூறவில்லை.

அந்த உத்தமதானபுரத்திற்கு அண்மையில் யாம் சென்று வந்தோம். யாம் என்றது மணிமங்கலத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆசிரியப்பணி புரியும் இளைஞர் சிலரை. எம் ஊருக்கு ஒருபுறம் ஒரகடம், மறுபுறம் இருங்காட்டுக்கோட்டை. இரவு பகல் ஓயாத தொழிற்சாலைகள். விடியுமுன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு விரையும் பேருந்துகள். எம் மாணவருள் பலர் ஷிப்டு வேலைக்குச் சென்று திரும்பும் பெற்றோரின் பிள்ளைகள். பொருள்கள் எப்படி உருவாகின்றன என்பது அவர்கட்குத் தெரியும். எனவே எதைக் கண்டாலும் இது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். வகுப்பில் புறநானூற்றுப் பாட்டொன்று நடந்துகொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்தாள்: "ஐயா, ஈராயிரம் ஆண்டுக்கு முன் பாடியது என்கிறீர்கள். அச்சு வருமுன் இது எங்கே இருந்தது? யார் வைத்திருந்தார்கள்?" பாடநூலில் பாட்டு உண்டு, பொருள் உண்டு, இலக்கணக் குறிப்பு உண்டு, இவ்வினாவுக்கு விடை இல்லை. விடை தேடித்தான் விடுமுறையில் புறப்பட்டோம்.

தாம்பரத்தில் தொடர்வண்டி ஏறிக் குடந்தையில் இறங்கி, பாபநாசம் செல்லும் சாலையிற் சென்றால் உத்தமதானபுரத்தை அடையலாம். திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். உ. வே. சாமிநாதையர்க்கு அங்கே தமிழ்நாட்டரசு நினைவு இல்லம் அமைத்திருக்கிறது. தலைப்பாகையும் திருநீறும் அணிந்து அவர் நம்மை நோக்கும் படங்களைக் கண்டோம். பிறப்பு 1855, மறைவு 1942 என்பதைக் குறித்துக்கொண்டோம். சிற்றூரில் ஓர் எழுத்தாளர்க்கு அரசு இல்லம் அமைப்பது பாராட்டுக்குரியது. கோட்டை கட்டியவனுக்கும் கோயில் கட்டியவனுக்கும் மட்டுமே நினைவுச் சின்னம் என்றிருந்த நாட்டில் ஏடு தேடியவனுக்கும் ஒன்று கிடைத்ததே! ஆயினும் எம் மாணவியின் வினாவுக்கு முழு விடை, அவர் தம் முதுமையில் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்த 'என் சரித்திரம்' என்னும் நூலில்தான் இருக்கிறது. அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவ்வில்லத்தைக் காண்பவர்க்கே இல்லம் பேசும்.

அவர் தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். தானமாக வந்த ஊரில் பிறந்த குடும்பத்திற்கு நிலையான வருவாய் இல்லை. அரியலூர், குன்னம் என்று ஊர் ஊராகப் பெயர்ந்தது அக்குடும்பம். இசையும் வடமொழியும் கற்பிக்க எண்ணினர் பெற்றோர். பையனோ தமிழ் தமிழ் என்று தவித்தான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஆங்காங்கே கிடைத்த ஆசிரியரிடம் பாடம் கேட்டான். இறுதியில், 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தான். வேங்கடராமன் என்று வழங்கிய அவனைச் சாமிநாதன் ஆக்கியவர் அவ்வாசிரியரே. அவரிடம் நாகூர்க் குலாம் காதிறு நாவலர் பாடம் கேட்டார். சவரிராயலு நாயகர் என்னும் கிறித்தவர் பாடம் கேட்டார். தியாகராச செட்டியார் பாடம் கேட்டார். பார்ப்பன இளைஞன் ஒருவன் வேளாளர் ஒருவரின் அடியில் அமர்ந்து தமிழ் கற்றதும், அவ்வாசிரியர்க்குப் பின்னாளில் இரு பாகங்களில் வாழ்க்கை வரலாறு எழுதி நன்றி செலுத்தியதும் நாட்டில் பலரும் அறிந்திருக்கவேண்டிய செய்திகள்.

ஆனால் அக்கல்வி எத்தகையது? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐந்தாறு ஆண்டு அல்லும் பகலும் கற்ற மாணவர்க்குச் சங்க இலக்கியம் என்று ஒன்று உண்டு என்பதே தெளிவாகத் தெரியாது! அவர் குற்றமன்று, நாட்டின் நிலையே அது. புலவர்கள் கோயிலுக்கும் மடத்திற்கும் குறுநில மன்னர்க்கும் பாடிப் பிழைத்த காலம். வீரமும் காதலும் பாடிய பழம்பாட்டுகளைக் கேட்பாரில்லை, கேட்பாரில்லாததைப் படிப்பாரில்லை, படிப்பாரில்லாததைப் படியெடுப்பாரும் இல்லை.

திருப்பம் 1880-இல் வந்தது. தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் அவ்வாண்டு குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியரான சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல் படித்திருக்கிறீர் என்றார் முதலியார். இவர் நீண்ட பட்டியலை ஒப்புவித்தார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவற்றால் என்ன பயன், பழைய நூல் ஏதாவது படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். இவர் பார்த்ததுகூட இல்லை. முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் படியைத் தந்து பாடம் சொல்லச் சொன்னார். சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தைப் பவர் என்னும் பாதிரியார் 1868-இல் அச்சிட்டிருந்தார். எஞ்சியதெல்லாம் ஓலையில் உறங்கியது.

சிந்தாமணி சமண நூல். நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமயச் சொற்கள் விளங்கவில்லை. என் செய்தார் இச்சைவர்? குடந்தையில் வாழ்ந்த சமணர் வீடுகளை நாடிச் சென்றார். அங்கே அவர்கள் சிந்தாமணியைச் சமய நூலாகப் போற்றிப் படித்துவருவதைக் கண்டு வியந்தார். தாம் தேடித் திரிந்த பொருள் பக்கத்துத் தெருவில் நாள்தோறும் வழங்கி வந்திருக்கிறது. சமயம் வேறு என்பதால் தெரியாமற் போயிற்று. வணிகம் புரியும் சமணரிடம் கல்லூரித் தமிழாசிரியர் மாணவராய் அமர்ந்து ஐயம் தீர்த்துக்கொண்டார். சைவர் சமண நூலை அச்சிடுவதா என்று முணுமுணுத்தவர் உண்டு. அவர் பொருட்படுத்தவில்லை. 1887-இல் சிந்தாமணி முழுமையாக வெளிவந்தது.

இங்கே எம் பக்கத்து ஊர்ச் செய்தியொன்றைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. மணிமங்கலத்திற்கு அண்மையில் உள்ளது குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். சோழ மன்னன் சிந்தாமணியில் திளைத்திருந்ததைக் கண்டு, அது பொய்ந்நூல், அதனை விடுக என்று சேக்கிழார் இடித்துரைத்தார் என்றும், மன்னன் உள்ளத்தை மாற்றவே பெரியபுராணம் எழுந்தது என்றும் சேக்கிழார் புராணம் கூறும். நடந்த வரலாறோ, சமயப் பகையில் பிறந்த கதையோ, எதுவாயினும் ஆகுக. கதையாகவே இருப்பினும், ஒரு காவியத்தைச் சுவைத்தற்கு அதன் சமயம் தடை என்று நாடு நெடுங்காலம் எண்ணி வந்ததற்கு அது சான்றன்றோ? அரசன் கையினின்று பறிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்நூலை ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மக்கள் கையில் கொடுத்தவரும் திருநீறணிந்த சைவரே. குன்றத்தூர் வழியாக நாள்தோறும் பள்ளிக்கு வரும் எம்முள் ஒருவர் இதனை எண்ணியெண்ணி மகிழ்ந்தார்.

சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர், மேற்கோள்களை இன்ன நூல் என்று பெயர் சுட்டாமலே அடுக்கிச் செல்வார். அவ்வடிகள் எங்கே உள்ளன என்று தேடப் புகுந்தபோதுதான் பத்துப்பாட்டும் பிறவும் தென்பட்டன. அன்று தொடங்கிய தேட்டம் அவரைத் தமிழகம் முழுதும் நடக்கச் செய்தது. மடங்களில் தேடினார், கவிராயர் வீட்டுப் பரண்களில் தேடினார், நெல்லையிலும் ஆழ்வார்திருநகரியிலும் தேடினார். எத்தனையோ இடங்களில் கறையான் முந்திக்கொண்டிருந்தது. கறையானையாவது மன்னிக்கலாம், அதற்குத் தமிழ் தெரியாது. மனிதர் செய்ததை எப்படி மன்னிப்பது?

ஆடிப் பதினெட்டாம் பெருக்கின்போது பழைய ஏடுகளைத் தேர்போல் கட்டி நீரில் விட்டுவிட்டோம் என்று சொன்னவர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். புண்ணியமாம்! வீட்டில் இருந்தால் பூசை செய்யவேண்டும், செய்யாவிட்டால் குற்றம், ஆற்றில் விட்டால் குற்றம் தீரும் என்ற நம்பிக்கை. கலைமகள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவளை ஒருநாளேனும் அவிழ்த்துப் படித்தார்களா? காவிரியும் பொருநையும் எத்தனை காப்பியங்களைக் கடலுக்குச் சுமந்து சென்றனவோ!

இதனினும் கொடிது கரிவலம்வந்தநல்லூரில் நிகழ்ந்தது. பாண்டிய மரபினர் ஒருவர் திரட்டி வைத்திருந்த ஏடுகள் அவ்வூர்க் கோயிலுக்கு வந்து சேர்ந்திருந்தன என்று கேள்வியுற்று ஆவலோடு சென்றார் ஐயர். கோயில் அலுவலில் இருந்தவர் அமைதியாக விடை சொன்னார்: பழுதுபட்ட பழைய ஏடுகளை என்ன செய்வது என்று பார்த்தார்களாம், நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், அப்படியே செய்தார்களாம். குழி வெட்டி, நெருப்பு வளர்த்து, நெய் வார்த்து, மந்திரம் ஓதி, தமிழை எரித்திருக்கிறார்கள். பகைவன் படையெடுத்து வந்து கொளுத்தியதன்று இது. காக்கும் இடம் என்று நம்பி ஒப்படைக்கப்பட்ட இடத்தில், கடமை என்று எண்ணி, அணுவளவும் மனம் உறுத்தாமல் செய்தது. சினமே அறியாதவர் போல எழுதும் அம்முதியவர் இவ்விடத்தில் மட்டும் பொங்கி, அப்படி ஓர் ஆகமம் இருக்குமானால் முதலில் தீயில் இடத்தக்கது அவ்வாகமமே என்னும் பொருள்பட எழுதிவிட்டார். சீர்திருத்த மேடையில் நின்று யாரேனும் இதைச் சொல்லியிருந்தால் நாத்திகன் என்று கல்லெறிந்திருப்பார்கள். சொன்னவர் வைதிகர், தாம் தேடியது சாம்பலானதைக் கேட்டு நின்றவர். அப்பக்கத்தை எம் ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தபோது சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

எம் ஊர்க் கோயில் சுவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறோம். மணிமங்கலம் பழம்பெரும் ஊர். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கும். இராசகோபாலப் பெருமாள் கோயிற் சுவரில் இராசாதிராசன், வீரராசேந்திரன் முதலிய சோழ மன்னர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. சதுர்வேதிமங்கலம் என்றே அவை எம் ஊரைச் சொல்லும். ஆக, எம் ஊரும் ஒரு தான ஊர்தான், உத்தமதானபுரத்தை ஏளனம் செய்ய எமக்கு உரிமையில்லை. ஆயிரம் ஆண்டு மழை பெய்தும் அவ்வெழுத்துகள் அழியவில்லை. ஏன்? எவன் நிலம் கொடுத்தான், எவன் பெற்றான், எல்லை எது, வரி எவ்வளவு என்பவை கல்லில் வெட்டப்பட்டன. உரிமை கோருவோர் இருந்தனர். ஆதலின் கல்லும் உளியும் கிடைத்தன. கணவனைக் களத்திற்கு அனுப்பிய பெண்ணின் பாட்டுக்கும், கொடாத மன்னனை வைத பாணனின் பாட்டுக்கும் உரிமை கோர யார் இருந்தார்கள்? அவற்றுக்குப் பனையோலையே கிடைத்தது.

ஓலை சில தலைமுறைக்குமேல் தாங்காது. ஒடியும், துளைபடும். எழுத்தாணியால் கீறிய எழுத்தில் கரியும் இலைச்சாறும் தடவினால்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு நூல் ஈராயிரம் ஆண்டு வாழவேண்டுமானால் பெயர் தெரியாத எத்தனையோ பேர், தலைமுறைதோறும் அமர்ந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதியிருக்கவேண்டும். எம் மாணவியின் வினாவுக்கு விடை அதுதான்: பாட்டு படியெடுத்தவர் கையில் இருந்தது. நடுவில் ஒரு தலைமுறை சோம்பியிருந்தால் புறநானூறு இல்லை.

படியெடுப்பதும் எளிதன்று, படிப்பதும் எளிதன்று. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இரா. வகுப்பில் கரும்பலகையில் 'கொல' என்று எழுதி இதனைப் படியுங்கள் என்றோம். கொல, கொல், கோல, கோல் என்று நான்கு வகையாகப் படித்தார்கள். நான்கில் எது என்று பொருள் நோக்கித் துணியவேண்டும். ஒரு சொல்லுக்கே இத்தனை என்றால், அடி பிரிக்காமல், மூலமும் உரையும் கலந்து, நடுவில் ஏடு முறிந்து கிடக்கும் ஒரு நூலைத் திருத்தமுற அச்சிடுவது எத்தகைய உழைப்பு! குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்ப் பெயர்களுள் சில ஏட்டில் இல்லாமற் போக, அந்தச் சில மலர்களுக்காக வேறு ஏடு தேடி அலைந்து, தருமபுர மடத்துச் சுவடியில் கண்டெடுத்தார் ஐயர். 'உதிர்ந்த மலர்கள்' என்று அதனை ஒரு கட்டுரையாகவும் எழுதினார்.

இவ்வுழைப்பின் பயனாய்ப் பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வந்தன. மணிமேகலையின் பௌத்தக் கருத்துகளை விளக்கக் கல்லூரித் தோழர் ரங்காசாரியார் துணைநின்றார். பதிற்றுப்பத்து 1904-இலும் பரிபாடல் 1918-இலும் வந்தன. குறுந்தொகை வந்த 1937-இல் அவர்க்கு அகவை எண்பத்திரண்டு. வராதவை எவை என்பதையும் சொல்லவேண்டும். புறநானூற்றில் 267, 268 எண்ணுள்ள இரு பாட்டுகள் அடியோடு இல்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இல்லை. எழுபது என்று சொல்லப்படும் பரிபாடலில் முழுமையாக எஞ்சியவை 22. வளையாபதியும் குண்டலகேசியும் உதிரிப் பாடல்களாகவே உள்ளன. எந்த ஓமகுண்டத்தில், எந்தப் பெருக்கில் அவை போயின?

தமிழ்நாட்டு மேடைகள் புறநானூற்று வீரத்தையும் கண்ணகி நீதி கேட்டதையும் முழங்கி ஒரு தலைமுறையைத் தட்டியெழுப்பின என்பதை நாடறியும். அம்மேடைக்கு வேண்டிய பொருள் அச்சான ஆண்டுகள் இவை. எனினும் புகழனைத்தையும் ஒருவர்க்கே ஏற்றிவிடுதல் அறமாகாது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1881-இல் வீரசோழியத்தையும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887-இல் கலித்தொகையையும் அச்சிட்டவர். 1901-இல் மறைந்த அவரை நம் பள்ளிப் பிள்ளைகள் பெயரளவிலேனும் அறிவார்களா என்பது ஐயமே. ஈழத்தவர் என்பதால் மறந்தோமா?

சாமிநாதையர் சீர்திருத்தக்காரர் அல்லர். 1906-இல் ஆங்கில அரசு தந்த மகாமகோபாத்தியாயப் பட்டத்தை ஏற்றவர். வருணப் பாகுபாட்டை எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்தியவர் அல்லர். வடசொல் விரவிய நடையையே இறுதிவரை எழுதினார். இவற்றை மறைத்து அவரைப் பாராட்டவேண்டிய தேவை நமக்கில்லை. தாம் நம்பிய சமயத்தை விடாமலே பிற சமயத்தார் வாயிலில் நின்று கற்றார். பாட்டில் தமக்கு உடன்பாடில்லாததைத் திருத்தவும் மறைக்கவும் முயலாமல், ஏட்டில் கண்டதைக் கண்டவாறு தந்தார். பதிப்பாசிரியரிடம் நாம் கேட்கவேண்டியது அந்த நேர்மையைத்தான். அது அவரிடம் குறைவற இருந்தது.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தபின் அவர் வாழ்ந்த திருவல்லிக்கேணி வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர். தமக்குக் கல்லூரி வேலை வாங்கித் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாக இட்ட பெயர் அது. பரிபாடலும் குறுந்தொகையும் அச்சேறியது அவர் அங்கே வாழ்ந்த காலத்தில்தான். அவ்வீடு 2012-ஆம் ஆண்டு இடித்துத் தள்ளப்பட்டது. அன்று ஆகமம் ஏதும் இடிக்கச் சொல்லவில்லை, மனைவிலையே போதுமானதாயிருந்தது. பிறந்தகத்தைப் போற்றுவோம், பணி நடந்த வீட்டை விடுவோம் என்பது என்ன முறை? நல்வாய்ப்பாக, அவர் திரட்டிய ஏடுகள் 1943-இல் நிறுவப்பட்ட அவர் பெயர் தாங்கிய நூலகத்தில் சென்னையில் பாதுகாக்கப்படுகின்றன. போர் அச்சத்தால் சென்னை காலியான 1942-இல் அவர் எம் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்திற்கு வந்து தங்கி, ஏப்பிரல் 28-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். 'என் சரித்திரம்' முடிவுறாமலே நின்றது.

உத்தமதானபுரத்து இல்லத்தைப் பேணுவோர்க்கு எம் வேண்டுகோள் இரண்டு. எழுதிய பனையோலை ஒன்றையும் எழுத்தாணி ஒன்றையும், வரும் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கும்படி, எழுதியும் பார்க்கும்படி வைத்தல் வேண்டும். ஓலைக்கும் எழுத்தாணிக்கும் ஆகும் செலவு மிகுதியில்லை. கரிவலம்வந்தநல்லூர் பற்றி அவர் எழுதிய பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வாயிலில் நுழைந்ததும் தெரியும்படி மாட்டவேண்டும். அதற்கு ஆகும் செலவு அதனினும் குறைவு.